கல்யாண வீடு கொடுக்கும் அச்சாரம்

தை பிறந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கும். வயலில் சம்பா அறுவடை, வீட்டில் கல்யாண ஏற்பாடு. நெல் விற்ற காசு கையில் புரளும் மாதம் அது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கதிர் முற்றிக்கொண்டிருக்கும். ஆடியிலும் கிடையாது, மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால்களில் பாயும் சமயத்தில் நாற்றங்காலை விட்டுவிட்டு யார் பந்தியில் உட்காருவார்? பஞ்சாங்கம் சாஸ்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டதோ, வயலைப் பார்த்து எழுதப்பட்டதோ, டெல்டாவில் இரண்டும் பிசகில்லாமல் பொருந்துகின்றன.

கல்யாணத்துக்குப் பொருள் செய்து கொடுப்பவர்களும் இதே கணக்கில்தான் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்க்கக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும். மயிலாடுதுறை சாலையில் ஏறினால் திருபுவனம், அங்கே பட்டு. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நரசிங்கம்பேட்டை, அங்கே நாயனம். திருவாரூர் சாலையில் நாச்சியார்கோவில், குத்துவிளக்கு. தஞ்சாவூர் சாலையில் பாபநாசம், ராஜகிரி, அய்யம்பேட்டை. அந்த வட்டாரம் முழுக்க வெற்றிலைக் கொடிக்கால். தஞ்சாவூருக்கே போய்விட்டால் கதம்பம். அங்கிருந்து ஆறுகளைத் தாண்டித் திருவையாறு போனால் அசோகா அல்வா. வேறு ஊர்க்காரர்கள் நாலு மாநிலத்திலிருந்து தருவித்து நடத்தும் கல்யாணத்தை, டெல்டாக்காரர் டவுன் பஸ் டிக்கெட்டில் நடத்திவிடலாம்.

இத்தனை கைவினையும் ஒரு காலத்தில் அரண்மனையையும் கோயிலையும் நம்பி இருந்தது. சோழர், நாயக்கர், மராட்டியர் என்று ஆதரித்தவர்கள் மாறினாலும் ஆதரவு நிற்கவில்லை. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். தஞ்சை அரசும் முடிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தொழில் பிழைத்தது, எது மாண்டது என்று பார்த்தால் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரியும். கல்யாண வீடு விடாமல் கேட்டு வாங்கியது பிழைத்தது. ராஜா மட்டும் கேட்டு வாங்கியது மாண்டது.

மாண்டதற்குச் சாட்சி கோடாலிக் கருப்பூர்ச் சேலை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். பருத்தி நெசவிலேயே சரிகைப் பூக்களைக் கோத்து நெய்து, அதற்கு மேல் மெழுகு வைத்துக் கையால் எழுதி, சிவப்புச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். நெய்தபோது பளிச்சென்று இருந்த சரிகை, சாயம் ஏறிய பிறகு அடங்கிப்போய், தணலுக்கு அடியில் தெரியும் பொன்போல மங்கலாக மின்னும். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக் கல்யாணங்களுக்கு இதுதான் சேலை. மற்ற மராட்டிய அரசுகளுக்குப் போன சீரிலும் இது இருந்தது. நெசவாளி, சித்திரக்காரர், சாயக்காரர் என்று மூன்று கைகள் சேர வேண்டிய இந்த வேலைக்குச் சாதாரணக் குடும்பம் விலை கொடுக்க முடியாது. அரண்மனை போனது, சேலையும் போனது. இன்று அதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் கையெழுத்து வேலையின் வழித்தோன்றலாக இருக்கும் கருப்பூர்க் கலம்காரி மட்டும் கோயில்களில் தொங்கவிடும் தொம்பைகளிலும் வாசமாலைகளிலும் உயிரோடிருக்கிறது.

திருபுவனத்தின் கதை வேறு. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், தறியின் சத்தம் வீட்டுக்கு வீடு தாளம் மாறிக் கேட்கும். நெசவாளர்களில் பெரும்பாலோர் சௌராஷ்டிரர்கள். குஜராத்திலிருந்து பல தலைமுறைகளாக, பல அரசுகளின் நிழலில் தங்கித் தங்கித் தெற்கே வந்தவர்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலில் தஞ்சாவூர்த் தமிழும் பேசுபவர்கள். இவர்களுடைய கூட்டுறவுச் சங்கமான திகோ சில்க்ஸ் பெயரைக் கேள்விப்படாத கல்யாண வீடு டெல்டாவில் இருக்காது. 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தச் சேலையை மடிப்பதே ஒரு தினுசு: அங்கவஸ்திரம் மடிப்பதுபோல நீளவாக்கில் கொசுவிக்கொண்டே போவார்கள். விசிறி மடிப்பு என்று பெயர்.

கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடை விளக்குக்கு அடியில் சேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. துணி தட்டையாக இருக்கும்போது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. கையில் நாலு கொசுவம் வைத்துப் பிடித்தால், மடிப்பின் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். பெண் ஒரு அடி எடுத்துவைத்தால் மேடு பள்ளமாகும், நிறம் இடம் மாறும். சேலை நடக்கும்போது உயிர் பெறுவதற்காகவே நெய்யப்பட்டது. பொம்மைக்கு உடுத்தி நிறுத்தி வைத்தால் அதன் பாதி அழகு தெரியாது. முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில், ஹோமத் தீக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் நடந்த காலத்துக்கு ஏற்ற நிறங்கள் இவை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கனியும், வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் வெளிறிவிடும். மண்டபத்தில் மேடைக்கு விளக்கு போடுபவரிடம் மஞ்சள் சாயல் உள்ள வெளிச்சம் கேட்டு வாங்குவது, சேலைக்குச் செலவழித்த பணத்தைக் காப்பாற்றும்.

சரிகை அடுத்த விஷயம். நல்ல சரிகையின் நடுவில் பட்டு இழை இருக்கும். அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். அதற்கு மேல் தங்க முலாம். ஓரத்துச் சரிகை இழையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். வெள்ளிக்குப் பதில் செம்பு போட்ட டெஸ்டட் சரிகையும் உண்டு, பிளாஸ்டிக் மினுக்கும் உண்டு. அவற்றை வாங்குவதில் தப்பில்லை. அந்த விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டியின் கூறைப்புடவை கிழிந்த பிறகும் அதற்கு விலை பேசி வாங்கிப் போக ஆள் வருவது உள்ளே இருக்கும் வெள்ளிக்காகத்தான்.

கல்யாணச் சேலையைக் கூறைப்புடவை என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கூறைநாடு, மயிலாடுதுறை ஊருக்குள்ளேயே இருக்கும் பகுதி. அங்கே பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த சேலை, காஞ்சிப் பட்டும் திருபுவனமும் முன்னுக்கு வந்த பிறகு அருகிப்போனது. சம்பிரதாயத்தில் இடம் இருந்தும் ஆர்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது இன்னோர் உதாரணம். முகூர்த்தத்துக்குப் பட்டும், நலங்குக்குக் கூறைநாட்டுக் கட்டமும் என்று இப்போது சில பெண்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். நல்ல ஃபேஷன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சேலையின் நிறத்தைப் பேசும்போது பெண்ணின் நிறத்தையும் பேசியாக வேண்டும். டெல்டாப் பெண்களில் பெரும்பாலோர் மாநிறம், கறுப்பு. அரக்குச் சேலையும் கெம்புக்கல் நகையும் காலங்காலமாக இந்த நிறத்தை மனத்தில் வைத்துத்தான் வந்திருக்கின்றன. கெம்பின் சிவப்பு கறுத்த கழுத்தில் எரிவதுபோல வெளுத்த கழுத்தில் எரியாது. இன்றைய மேக்கப் ஆர்ட்டிஸ்டுகளில் கைதேர்ந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு, முகத்தின் நிறத்தை விட்டுவிட்டு கண்ணையும் புருவத்தையும் மட்டும் எடுத்துக்கொடுக்கிறார்கள். மற்றவர்கள் ஏர்பிரஷ் வைத்து மூன்று படி வெளுப்பாக்கிவிடுகிறார்கள். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம், அதற்கு நடுவில் தாலி. பேக்கேஜ் பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய பத்து நாளும் வீட்டு வேலை: பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் சேர்த்து அரைத்த நலங்கு மாவு. நாட்டு மருந்துக் கடையில் பெயரைச் சொன்னால் எல்லாமே கிடைக்கும். மில்லில் நைசாக அரைத்துத் தருவார்கள்.

தலை அலங்காரத்துக்கு உள்ள நகைகளும் தஞ்சாவூரில் கல்யாணத்துக்கும் சதிராட்டத்துக்கும் பொது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் ஆட்டத்துக்கு முறை வகுத்த ஊரில், ஆடும் பெண்ணுக்கும் மணப்பெண்ணுக்கும் ஒரே அலங்காரம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தலை அலங்காரங்களில் என் ஓட்டு தாழம்பூ ஜடைக்கு. வாய்க்கால் கரையில் முள்ளோடு நிற்கும் தாழையின் இளமடலை எடுத்து, மடித்து, பின்னலில் வைத்துத் தைப்பார்கள். ஒரு பட்டை மடல், நடுவில் ஒரு வரிசை மல்லிகை மொட்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே செய்யும் அலங்காரம் இது. கல்யாணத்தில் பெரும்பாலோர் பார்ப்பது மணப்பெண்ணின் முதுகைத்தானே.

பூவுக்கு வந்துவிட்டோம். தஞ்சாவூரில் பூக்காரத் தெரு என்று ஒரு தெருவே உண்டு. கதம்பம் எல்லா ஊரிலும் கட்டுகிறார்கள். தஞ்சாவூர்க் கதம்பம் என்று கேட்டு வாங்குவதற்குக் காரணம் கலவை. மல்லி அல்லது முல்லை வெள்ளைக்கு. கனகாம்பரம் காவி நிறத்துக்கு. மரு, மரிக்கொழுந்து, தவனம் பச்சைக்கு. இடையிடையே சிவப்புக்கு அரளியோ ரோஜாவோ. கட்டும் கையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தண்ணீரில் நனைத்த வாழைநாரை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலிடுக்கில் சுருக்குப் போட்டு இழுக்கிறார்கள். காம்பு நசுங்கக் கூடாது, பூ உதிரவும் கூடாது. அந்த இழுப்பில்தான் தொழில் இருக்கிறது. பேசிக்கொண்டே, வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே முழத்துக்கு முழம் கட்டிக்கொண்டு போவார்கள். கண் பூவில் இருக்காது.

கண்ணுக்குக் கதம்பம் நிறக் கலவைதான்; மூக்குக்கு அது ஒரு கடிகாரம். மாலையில் கட்டி வாங்கிய சரத்தில் முதலில் மல்லி மணக்கும். இரவு ரிசப்ஷன் முழுக்க அதன் ராஜ்ஜியம். விடியும்போது மல்லி பழுத்துவிடும். அந்த நேரத்துக்குக் கனகாம்பரம் நிறம் குலையாமல் நிற்கும். அதற்கு வாசனையே இல்லை, ஆனால் சீக்கிரம் வாடாது. வெயில் ஏறிப் பந்தி நடக்கும்போது மருவும் மரிக்கொழுந்தும் காயத் தொடங்கும். காயக் காயத்தான் அவற்றின் மணம் தூக்கும். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை ஒரு பெண்ணின் தலையில் ஏதோ ஒன்று அழகாகவோ மணமாகவோ இருந்துகொண்டே இருக்கும்படி யாரோ யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள். சம்பங்கியும் இறக்குமதி ஆர்க்கிட்டும் மேடையை நிறைக்கும். இந்தக் கணக்கு அவற்றிடம் கிடையாது.

மாலை என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் சில கல்யாணங்களில் மாலைதான் கல்யாணமே. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ அந்தக் கல்யாணம் செல்லும். மோதிரம் மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. சுயமரியாதை இயக்கம் ஆழமாக வேர்விட்ட டெல்டாவில், ஹோமம் இல்லாத மேடையில் இரண்டு மாலைகள்மேல் மொத்தக் கூட்டத்தின் பார்வையும் இருக்கும். அப்படிப்பட்ட மாலையை மண்டபக் கான்ட்ராக்டில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகாமல், கட்டுபவரை நேரில் பார்த்து, உயரம், கனம், பூ எல்லாம் சொல்லிவிட்டு வருவது நல்லது. கழுத்தில் இரண்டு மணி நேரம் கிடக்க வேண்டிய பொருள்; ஈரத்தோடு கனத்தால் பெண்ணின் தோள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். புதுத் தம்பதிகள் இந்த மாலையைத் தூர எறிவதில்லை. எடுத்து வைத்திருந்து, ஆடிப்பெருக்கன்று காவிரியில் விடுவார்கள். தாலிக்கயிறும் அன்றைக்கு மாற்றுவார்கள்.

நாச்சியார்கோவில் விளக்குக்கும் காவிரிதான் மூலதனம். பித்தளையை எங்கிருந்தும் வாங்கலாம். வார்ப்புக்கு வேண்டிய வண்டல் மண் இங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த பத்தர்கள் இந்த மண்ணைப் பார்த்துத்தான் இங்கே தங்கினார்கள் என்று சொல்வார்கள். மாவு போன்ற அந்த மண்ணை ஈரம் பார்த்துப் பெட்டியில் இறுக்கி, அச்சைப் பதித்து எடுத்தால் ஓரம் உதிராமல் நிற்கும். செம்பும் துத்தநாகமும் உருகி அதில் இறங்கி ஆறிய பிறகு வெளியே வருவது கறுத்த, சொரசொரப்பான ஒரு கட்டை. பளபளப்பு முழுக்கக் கடைசலில் வருகிறது. உளி பட்டவுடன் பொன்னிறச் சுருள் சுருளாகப் பித்தளை உரிந்து விழும். தண்டில் வளையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

விளக்குக்கு நாலு பாகம். கீழே பீடம், நடுவில் தண்டு, மேலே எண்ணெய் நிற்கும் தகழி, உச்சியில் அன்னம். நாலும் மரை போட்டு ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். வாங்கும்போது மூன்று சோதனை போதும். நாலையும் கழற்றி, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மரை கடைசிச் சுற்றுவரை சிக்காமல் இறங்கி, தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும். தரையில் வைத்துத் தலையில் லேசாகத் தட்டுங்கள். விளக்கு ஆடக் கூடாது. தகழியைச் சுற்றி விரலை ஓட்டுங்கள்; ஐந்து முகமும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. ஒரு முகம் தாழ்ந்திருந்தால் எண்ணெய் அந்தப் பக்கமே வழிந்து மனையைக் கெடுக்கும். பிறகு அன்னத்தைப் பாருங்கள். மற்ற பாகங்களில் அளவு பேசும். அன்னத்தில்தான் பத்தரின் கை பேசும். கழுத்து வளைவில் ஒரு கர்வம் இருக்கும் அன்னமும் உண்டு, வாத்தாகப் போய்விட்ட அன்னமும் உண்டு. விலை எடைக்குத்தான் போடுவார்கள்; ஆகவே நல்ல அன்னத்தைத் தேடி எடுப்பதில் வாங்குபவருக்கு லாபம்.

அதே நாச்சியார்கோவிலில் இன்னொரு சொத்தும் உண்டு. தவிலில் நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை. நாயனத்தில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள். இந்தச் சகோதரர்களிடம்தான் ஆந்திரத்திலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா தஞ்சாவூர் பாணியைக் கற்றார். பிறகு ஸ்ரீரங்கத்தில் குடியேறி, ரங்கநாதர் சந்நிதியில் வாசித்த முஸ்லிம் வித்வானாக 1999 வரை வாழ்ந்தார். டெல்டாவில் கல்யாணத்தின் ஓசைக்கு மதம் பார்க்கும் வழக்கம் இல்லை.

நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் தேடிப் போவது ஆச்சா மரத்தை. அதிலும் பழைய மரத்தை. இடித்த வீடுகளின் தூணும் உத்தரமும் இவர்களுக்குப் பொக்கிஷம். பல பத்தாண்டுகள் காய்ந்து தன் ஈரத்தையெல்லாம் விட்டுவிட்ட மரம்தான் ஊதும் மூச்சின் ஈரத்துக்குச் சுருங்காமலும் வெடிக்காமலும் சுருதி காக்கும். குழலில் விரல் வைக்க ஏழு துளை. அடியில் சுருதி சரிசெய்ய ஐந்து துளை, வேண்டாததை மெழுகால் அடைத்துக்கொள்ளலாம். கீழே விரிந்த அணசு. வாயில் வைக்கும் சீவாளிக்கு ஆற்றங்கரை நாணல். அதை வேகவைத்து, உலர்த்தி, கட்டி எடுப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நாயனத்தில் கயிற்றில் கொத்தாகத் தொங்குகின்றனவே, அவை அலங்காரம் அல்ல, மாற்றுச் சீவாளிகள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனம், குட்டையான திமிரியைப் பின்னுக்குத் தள்ளியது. ஒரு வித்வானின் காதும் ஒரு ஆசாரியின் உளியும் சேர்ந்து ஒரு வாத்தியத்தையே மாற்றின. 2022இல் இந்த நாயனத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் கல்யாணத்தில் அதற்கு இன்று கிடைக்கும் நேரம் எவ்வளவு? நாள்கணக்கில் கல்யாணம் நடந்த காலத்தில், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெருமுனையில் நின்றுவிடும். வித்வான் தோடியை விரித்துக்கொண்டிருப்பார், மாப்பிள்ளையும் காத்திருப்பார். இப்போது ரிசப்ஷனுக்கு டி.ஜே., வரவேற்புக்குக் கேரளத்துச் செண்டை. நாயனக்காரர் தாலி கட்டும்போது ஒரு கெட்டிமேளத்துக்காகக் காத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் போட்டோகிராபரின் வெளிச்சத்துக்கு வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செண்டை நல்ல வாத்தியம்தான். அதன் ஊரில் கேட்க வேண்டும். என் யோசனை எளிது. முதல் நாள் சாயங்காலம் விருந்தினர் வந்து சேரும் நேரத்தில் முக்கால் மணி நேரம் நாயனத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். மைக்கைத் தவிலிலிருந்து தள்ளி வையுங்கள். முன்வரிசையில் கேட்கத் தெரிந்த நாலு பெரியவர்களை உட்காரவைத்துவிட்டு, வித்வானிடம் ராகத்தை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் ஊஞ்சலில் அவர் வாசிக்கும் ஆனந்தபைரவியில் அந்த மரியாதையின் பலன் தெரியும்.

மற்றவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை விஷயத்தில் டெல்டாக்காரருக்குப் பாடம் தேவையில்லை. வெற்றிலைக்கு 2025இல் கும்பகோணத்தின் பெயரில் குறியீடு வந்தது. அகத்தியில் ஏறிப் படர்ந்த கொடிக்காலிலிருந்து கவுளி கவுளியாக, வாழைப்பட்டையில் சுற்றி வரும். இளம்பச்சை, மெல்லிய நரம்பு, மடித்தால் முறியாத இலை. கூடவே கும்பகோணம் சீவல். முதல் நாள் இரவு வாங்கினால் போதும், அதற்கு முன்னால் வாங்கினால் வாடும். இலைக்குத் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறுப் பக்கத்து நுனி வாழை. இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி அசோகா: பாசிப்பருப்பு குழைந்து, நெய் பிரிந்து, விரலில் ஒட்டாமல் வழுக்க வேண்டும். பந்தலுக்குக் கீற்றும் குருத்தும் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளிலிருந்து. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னைகளுக்குப் பதில் வைத்த கன்றுகள் இப்போதுதான் பலன் தர ஆரம்பித்திருக்கின்றன. அங்கே கீற்று வாங்குவதற்கு அந்த ஒரு காரணமே போதும். பாலிகைக்குக் குயவரிடம் மண்கிண்ணம். வந்தவர்களுக்குக் கொடுக்கப் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். நெருங்கிய உறவுக்குத் தஞ்சாவூர்த் தட்டு, குழந்தைகளுக்குத் தலையாட்டி பொம்மை, மற்றவர்களுக்கு நெட்டியில் செதுக்கிய சின்னப் பெரிய கோயில்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்ற வரிசையிலும் ஒரு ரசனை இருக்கிறது. நிச்சயதாம்பூலம் மாற்றிய வாரத்திலேயே முதல் அச்சாரம் நாயனத்துக்கு. நல்ல வித்வான் நல்ல முகூர்த்தத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். இரண்டாவது நெசவாளிக்கு. ஒரு சேலை தறியிலிருந்து இறங்கப் பதினைந்து, இருபது நாள் பிடிக்கும், அது நிறம் முடிவாகிப் பாவு ஏறிய பிறகு. மூன்றாவது விளக்குக்கு. மண்டபமும் மேடை அலங்காரமும் ப்ரீ-வெட்டிங் ஷூட்டும் அதற்குப் பிறகு வரட்டும். இப்போது நடப்பது நேர் தலைகீழ். தெர்மாகோல் தூணுக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் முதல் தொகை போய்விடுகிறது. அவை மறுநாள் லாரி ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் பட்டுக்கும் நாயனத்துக்கும் பேரம். வேளாண் கூலியையும் விதைநெல் விலையையும் பேசத் தெரிந்த ஊரில், விரல் தேய நெய்தவரிடம் ஐந்நூறு ரூபாய்க்கு அடம்பிடிப்பது அழகில்லை.

குறியீடுகள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன, சந்தோஷம். அவை போலியைத் தடுக்கும், பெயரைக் காக்கும். ஆனால் நெசவாளியின் மகன் தறியில் உட்காருவதா, திருப்பூருக்குப் பஸ் ஏறுவதா என்பதை முடிவு செய்வது அடுத்த மாத ஆர்டர். அந்த ஆர்டரைக் கொடுக்க இனி தஞ்சாவூரில் ராஜா யாரும் வரப்போவதில்லை; பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும்தான் அவருடைய இடத்தில் இருக்கிறார்கள். நாலு நாளைக்கு ராஜாவாக இருக்கக் கிடைத்த வாய்ப்பு. அச்சாரத்தை வெறும் கவரில் போட்டு நீட்டாமல் வெற்றிலை பாக்கோடு கொடுங்கள். அந்த வெற்றிலை பாபநாசத்து வெற்றிலையாக இருக்கட்டும்.